சின்னவளின் அசதி

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை சின்னவளை அவள் அண்ணன் வந்து அழைத்துப் போவார் என்று முடிவாகி இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்று வெள்ளி. அந்த முடிவைப் பற்றி வீட்டில் யாரும் மறுபடி வாய் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

புதன்கிழமை நடந்தது இதுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறை ஸ்டூலிலேயே தூங்கிப்போனாள் சின்னவள். பகல் பதினோரு மணிக்கு. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, புகை மாடிப்படி வரை போய், எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகும் அவள் எழவில்லை. மாமியார் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரட்டும்" என்றான் அவள் கணவன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அதுவும் நல்லதுதான்" என்று சொன்னது பெரியவள்.

பெரியவள் இந்த வீட்டின் மூத்த மருமகள். வயது நாற்பத்தைந்து. ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை. கணவர் வெளியூரில் பாலம் கட்டுகிற இடத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். ஆக, இங்கே தண்ணீர் வராவிட்டாலும் அவள்தான், லேபில் மெஷின் நின்றாலும் அவள்தான். கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்தாலும் வீட்டுப் பேச்சு என்று வந்தால் எந்த மாடியிலும் இறங்காத ஆள் என்று அவனைப் பற்றி அவள் லேபில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அவன் மனைவிதான் சின்னவள். முப்பத்தோரு வயது. எட்டு மாதம் முன்புவரை தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "நிக்க முடியலக்கா" என்று ஒருநாள் நின்றுவிட்டாள். அதிலிருந்துதான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் அவள் இல்லாத நேரத்தில் 'சோம்பேறி' என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலை ஆறரைக்குப் பெரியவள் கிளம்பும்போது சின்னவள் சமையலறையில் சுவரில் சாய்ந்து நின்று டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை என்றாலும் புழுக்கம் இருந்தது. அவள் தோளில் சால்வை.

"இந்தப் புழுக்கத்துல எப்படித்தான் இதைப் போத்திக்கறியோ."

"குளிருதுக்கா."

பெரியவள் டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் படியிறங்கினாள். பஸ்ஸைப் பிடிக்க ஆறு நிமிஷம்தான் இருந்தது.

லேபில் ஏழரைக்கு ஐஸ் பெட்டிகள் வந்துவிடும். ஊரில் ஒன்பது இடங்களில் ரத்தம் எடுக்கிறார்கள். எல்லாம் இங்கேதான் வந்து சேரும். மஞ்சள் மூடி ட்யூப்களைச் சுழலும் இயந்திரத்தில் எதிரெதிராக அடுக்கி, பத்து நிமிஷம் சுற்றவிட்டு எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிவான நீர் நிற்கும். அதை மெஷினில் ஏற்றுவது, வரும் எண்களைப் பார்ப்பது, சந்தேகமானதை மறுபடி ஓட்டுவது. இதுதான் பெரியவளின் வேலை. ட்யூபில் பெயர் இருக்காது. கறுப்புக் கோடுகள் மட்டும். திரையில் ஓர் எண், வயது, ஆணா பெண்ணா. அவ்வளவுதான் அவள் கண்ணுக்கு வரும்.

பெண்களின் ரத்தம்தான் அதிகம். தைராய்டு, சினைப்பைக் கட்டிக்குப் பார்ப்பது, மாதவிலக்கு நிற்கும் வயதுக்காரர்களுக்குப் பார்ப்பது என்று ஹார்மோன் பரிசோதனை மட்டுமே நாளுக்கு நூறைத் தாண்டும். ரிப்போர்ட்டை வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று லேப் டாக்டர் வருத்தப்படுவார். பார்த்தாலும் என்ன புரியும்? ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. மூன்று வாரம் முன்பு அவர்தான் பெரியவளைக் கூப்பிட்டு, "பொம்பளைங்களுக்குப் புரியற மாதிரி தைராய்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நான் எழுதினா பாடப்புத்தகம் மாதிரி ஆயிடுது" என்றார். பெரியவள் எழுதிக் கொடுத்தாள். பத்து அறிகுறிகள், கீழே நாலைந்து வரி. அச்சடித்து, ரத்தம் எடுக்கும் இடங்களில் ஒட்டினார்கள். இதை ஒவ்வொரு ரிப்போர்ட்டோடும் இணைத்துக் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு மேனேஜர், "பாக்கலாம்" என்றார். அவர் 'பாக்கலாம்' சொன்ன எதையும் பெரியவள் இதுவரை பார்த்ததில்லை.

பதினொன்றரைக்குத் திரையில் ஒரு வரி சிவந்தது. பெண், முப்பத்தொன்று. தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். நூறுக்கு மேல்.

நூறுக்கு மேல் மெஷினுக்கு எண்ணத் தெரியாது. நாலரைக்குள் இருக்க வேண்டிய சமாச்சாரம். பெரியவள் ட்யூபை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஏற்றினாள். பதினெட்டு நிமிஷம். நூற்று அறுபத்திரண்டு. கூடவே பார்த்த இன்னொரு எண், சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வர வேண்டியது, கிட்டத்தட்ட இல்லை.

"இங்க பாரேன்" என்று பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருஷமாகக் கூட வேலை செய்கிறவள். தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் லேபில் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர்.

கண்ணாடி எட்டிப் பார்த்தாள். "நூத்தி அறுபத்திரண்டா? இந்தப் பொண்ணு எப்படி எழுந்து நடக்கறா?"

"நடக்க வெச்சிருப்பாங்க. சமையல் யாரு செய்யறது?"

"முப்பத்தோரு வயசுக்கா."

"அதான் சொல்றேன். இது ஒருநாள்ல வர்றதில்ல. ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். மூஞ்சி வீங்கியிருக்கும், குரல் மாறியிருக்கும். வீட்டுல ஒருத்தருக்குக்கூடக் கண்ணு இல்லியா?" என்றாள் பெரியவள்.

இப்படிப்பட்ட எண் வந்தால் மாலை வரை காத்திருக்கக் கூடாது என்பது லேப் விதி. நோயாளிக்கு உடனே போன் செய்ய வேண்டும். லேப் டாக்டர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பெரியவள் லேப் போனை இழுத்து வைத்துக்கொண்டு, திரையில் தொடர்பு எண்ணை மட்டும் திறந்து, ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினாள். பாதி அழுத்தும்போதே ஏதோ பழகின எண் போலப் பட்டது. தினம் முப்பது எண் அழுத்துகிறவளுக்கு எல்லாம் பழகினதாகத்தான் தோன்றும் என்று விட்டுவிட்டாள்.

மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

"அக்கா, உங்க பைல போன் அடிக்குது" என்றாள் கண்ணாடி. கைப்பைகளைக் கதவோரக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"அடிக்கட்டும். இந்தம்மா எடுக்க மாட்டேங்கறாங்க."

வைத்தாள். பையும் நின்றது. இன்னொரு முறை அழுத்தினாள். காதில் மணி போனது. கதவோரம் பையும் அடித்தது.

பெரியவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையில் முழு விவரத்தைத் திறந்தாள். சின்னவளின் பெயர்தான். அப்பா பெயரின் முதலெழுத்தோடு. கணவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கும் இடத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறாள். பால் கருகியதற்கு மறுநாள்.

"யாருக்கா?" என்றாள் கண்ணாடி.

"எங்க வீடு" என்றாள் பெரியவள்.

சீட்டு எழுதிய டாக்டர், வீட்டருகே இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிக்காரர். பெரியவள் அவருக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தை அழும் சத்தமும் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

"நூத்தி அறுபத்திரண்டா?" டாக்டரம்மாவின் குரல் களைத்திருந்தது. "கழுத்தையும் மூஞ்சியையும் பாத்தப்பவே நெனச்சேன். நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு வரச் சொல்லுங்க, டோக்கன் வேண்டாம், நேரா உள்ள வரட்டும். மாத்திரையைக் கொஞ்சமா ஆரம்பிச்சுதான் ஏத்தணும், இதயத்தையும் பாத்துக்கணும். இன்னிக்கு ராத்திரி எழுப்பினா எழுந்துக்கலன்னாலோ, பேச்சுக் குழறினாலோ, உடம்பு சில்லுனு ஆனாலோ காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இதை அவங்க வீட்டுல யார்கிட்டயாவது சொல்லணும். வீட்டு ஆளுங்க நம்பர் இருக்கா?"

"நான் வீட்டு ஆள்தான். ஓரகத்தி. ஒரே வீடு."

"அப்ப நல்லதாப் போச்சு. எத்தனை நாளா இப்படி இருக்காங்க? அவங்களைக் கேட்டா சரியா சொல்லத் தெரியல. ஒரே வீடுன்னா நீங்க பாத்திருப்பீங்களே."

பெரியவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம். ஒரு மழைக்காலத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள், "அக்கா, எனக்கு ஒரு ப்ளட் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா? ரொம்ப அசதியா இருக்கு" என்று கேட்டாள். "அசதிக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தா எங்க மெஷின் தாங்காது. காலைல ஆறு மணிக்கு எழுந்து நட, தானா சரியாயிடும்" என்று பெரியவள் சொன்னாள். மாமியார் சிரித்தார். கொழுந்தன் சிரித்தான். சின்னவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்" என்றாள்.

அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. "சரி. ஒன்பதுக்கு அனுப்புங்க."

மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பெரியவளுக்குக் கண் அயரவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாக்கியம் அமைத்தாள். அடுத்த நிறுத்தத்துக்குள் அது பிடிக்காமல் போனது. லேபில் முன்பின் தெரியாதவர்களிடம் போனில் அழகாகப் பேசுவாள். 'பயப்படாதீங்கம்மா, மருந்து இருக்கு, தினம் ஒரு மாத்திரைதான்' என்று எத்தனை பேரைத் தேற்றியிருக்கிறாள். அதையே வீட்டில் போய்ச் சொல்ல வாய் வருமா என்று தெரியவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் சோஃபாவில். கொழுந்தன் இன்னும் வரவில்லை. சமையலறையில் காய் நறுக்கி வைத்திருந்தது, அடுப்பு பற்றவைக்கவில்லை.

"உள்ள பெட்டி அடுக்கறா. ரெண்டு மணி நேரமா ஒரு பெட்டி" என்றார் மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியவள் கால் கழுவக்கூட நிற்காமல் சின்னவளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்து பாதிப் புருவம்தான் மிச்சம். கை முட்டி சாம்பல் பூத்த மாதிரி வறண்டிருந்தது. எல்லாம் பெரியவளே தன் கைப்பட எழுதிக் கொடுத்த அறிகுறிகள்தான். தினம் காலையில் டீ வாங்கிக் குடித்த கை இது.

"உன் ரிப்போர்ட் வந்துடுச்சு."

சின்னவள் சட்டையை மடித்து முடித்துப் பெட்டியில் வைத்தாள். "எவ்வளவு?" குரல் கரகரத்தது.

"நூத்தி அறுபத்திரண்டு."

"எவ்வளவு இருக்கணும்?"

"நாலு. போனா நாலரை."

"ஓ." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நெஜமாவே இருக்கு."

"இருக்கு. கழுத்துல ஒரு சின்னச் சுரப்பி. அது சுரக்கலன்னா உடம்புல எல்லாமே மெதுவாயிடும். ஜீரணம், ஞாபகம், நெஞ்சு துடிக்கறதுகூட. குளிரும். தூக்கம் தள்ளும். பீரியட்ஸ் அதிகமாகும்."

"மாசத்துல பன்னெண்டு நாள் போகுதுக்கா."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அவர்கிட்ட சொன்னேன். டாக்டரைப் பாருன்னார். எந்த டாக்டரைன்னு கேட்டேன். அதுக்குள்ள எங்கயோ லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போன் வந்துது."

பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கால் வலித்தது. "என் நம்பரை ஏன் குடுத்த?"

"உங்க லேபுக்குத்தான் வரும்னு அங்க சொன்னாங்க. உங்க நம்பர் போட்டா உங்களுக்கே தெரிஞ்சுடும். நேர்ல வந்து கேட்டா மறுபடியும்..." நிறுத்திக்கொண்டாள். "மெஷின் சொன்னா நீங்க நம்புவீங்க. நான் சொல்ல வேண்டாம்."

வெளியே டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

"இது தைராய்டா இருக்கலாம்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"நீங்க எழுதினீங்களேக்கா. சாப்பாட்டு மேஜைல வெச்சு ஒரு தாள் எழுதினீங்க. துடைக்கறதுக்காக நகர்த்தினப்பப் படிச்சேன். பத்துல எட்டு எனக்கு இருந்துச்சு." சின்னவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "அப்பவும் போகல. போறதுக்கே தெம்பு இல்ல. பால் கருகின அன்னிக்குதான் பயந்துட்டேன். வீடு பத்தியிருந்தா?"

பெரியவள் கட்டிலில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.

"கடைசில எழுதியிருந்தீங்க. 'இப்படி இருப்பவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்'னு. அந்த வரியை மட்டும் ரெண்டு தடவை அடிச்சுட்டு மறுபடி எழுதியிருந்தீங்க. எழுதறப்ப என்னை நெனச்சீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"இல்ல" என்றாள் பெரியவள். "உன்னை நெனைக்கல. வாக்கியம் சரியா வரலன்னு அடிச்சேன்."

சின்னவள் தலையாட்டினாள். அவள் எதிர்பார்த்த பதில்தான் போலிருந்தது.

"அன்னிக்கு நீ கேட்டப்ப நான் அப்படிச் சொன்னதுக்கு..."

"மன்னிப்பை அப்புறம் கேளுங்கக்கா. இப்பக் கேட்டா பரவால்லன்னு நான் சொல்லணும். அதுக்கும் சேத்து இப்ப என்கிட்ட தெம்பு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுபோல் சொன்னாள். பெரியவள் பெட்டியிலிருந்து நழுவியிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்பது மணி, மாத்திரை, வெறும் வயிற்றில் போட வேண்டும், மறக்கக் கூடாது, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். உடனே சரியாகாது, ஆனால் சரியாகும்.

"வெளியில சொல்லட்டுமா?" என்று கடைசியில் கேட்டாள். "உன் விஷயம். நீ சொல்லாதன்னா சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க. நான் சொன்னா சாக்குன்னு நெனப்பாங்க."

கொழுந்தன் ஏழு மணிக்கு வந்தான். கையெல்லாம் கிரீஸ். அவன் கை கழுவி வந்து உட்காரும் வரை பெரியவள் காத்திருந்தாள். சின்னவளும் வந்து சுவரோரம் நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்தாள். பெரியவள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, லேபில் வந்த எண்ணிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொன்ன விதம் லேப் ரிப்போர்ட் போலத்தான் இருந்தது. வேறு விதமாகச் சொல்ல முயன்றால் தானே அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

"தைராய்டுதானே" என்றார் மாமியார். "என் தங்கச்சிக்கு இருக்கு. எதிர்வீட்டுக்காரம்மாவுக்கு இருக்கு. அவங்கல்லாம் வேலை செய்யலியா?"

"அவங்க மாத்திரை சாப்பிடறாங்க அத்தை. இவளுக்கு யாரும் எதுவும் குடுக்கல. இந்த எண்ணோட ஒருத்தி எழுந்து டீ போட்டதே பெருசு."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுல ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டும். எழுந்து ஜன்னலண்ட உக்காந்திருப்பேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். காலைல எழுந்து ஆறு பேருக்குச் சமைச்சேன். யார்கிட்ட போய்ச் சொன்னேன்?"

"சொல்லியிருக்கலாமே அத்தை."

"யாரு கேட்டாங்க?"

மாமியாரின் குரலில் சண்டை இல்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைத் தவறான நேரத்தில் எடுத்துவிட்டவர்போல், உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு டிவி பக்கம் திரும்பினார். பெரியவளுக்கு அவர்மேல் வந்த கோபம் பாதியில் நின்றுபோனது.

கொழுந்தன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியல அண்ணி" என்றான்.

"தெரியலன்னா கேட்டிருக்கணும் தம்பி."

"நீங்க லேப்லயே இருக்கீங்க. உங்களுக்கே தெரியல."

குத்திக்காட்ட வேண்டுமென்று அவன் சொல்லவில்லை. ஆனால் குத்தியது. "ஆமா" என்றாள் பெரியவள். "எனக்கும்தான் தெரியல. தெரிஞ்சுக்க வேண்டிய ஆள் நான்தான். அதனாலதான் இப்ப நான் சொல்றேன். இவளை நாம அனுப்பறோம்னு புதன்கிழமை பேசினோமே, அது தப்பு. நானும் சேந்துதான் பேசினேன்."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று பெரியவள் பதறிப் பார்த்தாள். மூடிய இமைக்குள் கண் அசைந்தது.

மாமியார்தான் முதலில் பேசினார். "சரி. நோவுன்னு தெரிஞ்ச பிறகு அனுப்பினா நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன பேசுவாங்க. இங்கயே இருக்கட்டும். மாத்திரை போடட்டும். பெரியவளே, நீ பாத்துக்கோ." பிறகு சின்னவளிடம், "உங்க அண்ணனுக்குப் போன் பண்ணி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றார். அந்த 'ம்மா' புதிதாக இருந்தது.

கொழுந்தன் எழுந்து போய்ச் சார்ஜில் இருந்த சின்னவளின் போனை எடுத்துவந்து, அண்ணன் எண்ணைத் தானே அழுத்தி அவள் கையில் கொடுத்தான். இரண்டு வருஷத்தில் அவன் அவளுக்காக இவ்வளவு வேகமாக எழுந்து பெரியவள் பார்த்ததில்லை.

"அண்ணா" என்றாள் சின்னவள். "ம். நல்லாதான் இருக்கேன். இல்ல, நல்லா இல்ல. ரத்தத்துல ஒரு குறை, கண்டுபிடிச்சுட்டாங்க. மாத்திரை இருக்காம். நேர்ல சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாண்ணா."

கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்தான். மாமியார் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"நாளைக்கே வந்துடு. காலைல ஒன்பது மணிக்கு டாக்டரைப் பாக்கணும். பதினோரு மணிக்கு மேல வா. பெட்டி பாதி அடுக்கிட்டேன்."

போனை மடியில் வைத்தாள்.

"எதுக்கு?" என்றார் மாமியார். "அதான் இருன்னு சொல்லியாச்சே."

"போன்னு சொன்னப்பவும் என்னைக் கேக்கல அத்தை. இருன்னு சொல்றப்பவும் கேக்கல." சின்னவள் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசினாள். "எனக்குக் கொஞ்ச நாள் படுத்திருக்கணும். இங்க படுத்தா யாரு வராங்கன்னு கதவைப் பாத்துட்டே படுக்கணும். அது என்னால முடியாது. மாத்திரையை அங்க இருந்து சாப்பிடறேன்."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, டாக்டர்கிட்ட நீங்க வாங்க. அவங்க சொல்றது எனக்கு முழுசா மனசுல நிக்காது."

"வரேன்" என்றாள் பெரியவள். நாளைக்கு லேபுக்கு லீவு சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் சனிக்கிழமை லீவு எடுத்ததில்லை.

கொழுந்தன் எழுந்து நின்றான். உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. "நானும் வரேன்" என்றான்.

சின்னவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வீங்கிய இமைகளை உயர்த்துவதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது.

"எங்க? டாக்டர்கிட்டயா, எங்க அண்ணன் வீட்டுக்கா?"

கொழுந்தன் தன் அம்மாவைப் பார்த்தான்.